கடலில் மறிப்பதா, துறைமுகத்தில் பிடிப்பதா?

போதைக் கடத்தலுக்கும் திருட்டு மீன்பிடிப்புக்கும் ஒரே ரோந்துக் கப்பலை அனுப்பினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை.

நடுக்கடலில் ஒரு கப்பலை மறிப்பது சட்டப்படி லேசான காரியம் இல்லை. எந்த நாட்டின் எல்லைக்குள்ளும் வராத ஆழ்கடலில் கப்பல் எந்த நாட்டுக் கொடியில் ஓடுகிறதோ அந்த நாட்டுக்குத்தான் அதன் மேல் அதிகாரம். 1982 ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கையின் 110-வது பிரிவு கடற்கொள்ளை, அடிமை வணிகம், கொடியே இல்லாத கப்பல் என்று சிலவற்றுக்கு மட்டும்தான் ஏறிச் சோதிக்க விடுகிறது, அந்தப் பட்டியலில் போதைப்பொருளும் இல்லை, மீனும் இல்லை. போதைப்பொருள் என்றால் 1988 வியன்னா உடன்படிக்கைப்படி கொடி நாட்டிடம் அனுமதி கேட்க வேண்டும், பதில் வருவதற்குள் சரக்கைக் கடலில் வீசிவிடலாம்.

துறைமுக வழி மலிவானது. 2016-ல் நடைமுறைக்கு வந்த துறைமுக நாடுகள் உடன்படிக்கைப்படி, திருட்டு மீன் ஏற்றிய வெளிநாட்டுக் கப்பலுக்கு நுழைவையோ மீன் இறக்குவதையோ எரிபொருளையோ மறுக்கலாம். மீனை விற்றாக வேண்டும், அதனால் எங்காவது கரைக்கு வந்தே தீரும். ஆனால் நடுக்கடலிலேயே குளிர்பதனக் கப்பலுக்கு மாற்றி நல்ல மீனோடு கலந்துவிட்டால்? அப்புறம் கண்டுபிடிப்பது பெரும்பாடு.

மீனுக்கு என் ஓட்டு துறைமுகத்துக்கே. கன்டெய்னரில் வரும் போதைப்பொருளுக்கும் அதுதான் சரி. வேகப் படகில் இரவோடு இரவாக ஆளில்லாக் கரைக்கு வருகிறவனை மட்டும் கடலிலேயே மறித்தாக வேண்டும், அவன் துறைமுகப் பக்கமே வர மாட்டான்.