பினாங்கில் சாப்பிட்டுச் சுற்ற: கைடோடு போவதா, நாமே போவதா?

2024 டிசம்பரில் சென்னையிலிருந்து மலேசியாவின் பினாங்குக்கு நேரடி விமானம் தொடங்கியதும், கோலாலம்பூர் வழியாகச் சுற்றிப் போகும் அலைச்சல் மிச்சமானது. பினாங்கின் தலைநகரான ஜார்ஜ் டவுனுக்குக் கிளம்புகிற நண்பர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: கைடு கூட்டிப்போகும் சாப்பாட்டு நடைக்குப் பணம் கட்டலாமா, நாமே தெருத்தெருவாகப் போய்ச் சாப்பிட்டுக்கொள்ளலாமா?

மூன்று, நான்கு மணிநேரக் குழு நடைக்கு ஆளுக்கு 200 ரிங்கிட்டை ஒட்டியோ தாண்டியோ கேட்கிறார்கள். அதே தெருவில் ஒரு கிண்ணம் ஹொக்கியன் மீயோ (இறால் சாற்றில் போட்ட நூடுல்ஸ்) ஒரு தட்டு சார் குவே தியாவோ (வாணலியில் வறுத்த தட்டை அரிசி நூடுல்ஸ்) பெரும்பாலும் 6 முதல் 12 ரிங்கிட்டுக்குள் முடிந்துவிடும். தட்டு விலையை வைத்துக் கணக்குப் போட்டால் நடை எப்போதும் தோற்கும். அதில் நாம் கொடுக்கும் பணம் இரண்டு விஷயங்களுக்குப் போகிறது: பங்குபோட்டுச் சாப்பிட ஆட்கள் கிடைப்பது, தெரியாத இடத்தில் கேட்டு வாங்கித் தர ஒருவர் இருப்பது. இந்த இரண்டும் உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறதா என்று பாருங்கள். முடிவு அதிலேயே வந்துவிடும்.

முதலில் வயிறு. தனியாக நடக்கும் ஒருவர் ஒரு காலைப்பொழுதில் எவ்வளவு சாப்பிட முடியும்? ஒரு கிண்ணம் கறி மீ (குழம்பு நூடுல்ஸ்), ஒரு அசாம் லக்சா (புளிக்குழம்பு நூடுல்ஸ்), அப்புறம் ஒரு செண்டோல் (தேங்காய்ப்பால் ஊற்றிய குளிர் இனிப்பு). அதோடு சரி. பொரித்த இறைச்சிச் சுருளான லோர் பாக்கையும் சிப்பி ஆம்லெட்டான ஓ சியேனையும் சீன-மலாய்க் கலப்பு மரபின் நியோஞ்ஞா பலகாரங்களையும் பார்த்துக்கொண்டே நகரவேண்டியதுதான். எட்டுப் பேர் சேர்ந்த குழுவில் இரண்டு மூன்று தட்டு வாங்கி ஆளுக்கு நாலு வாய் எடுத்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போகலாம். பத்து வகை ருசி பார்த்த பிறகும் நடக்கத் தெம்பு இருக்கும். ஆகவே தனி ஆளாகவோ ஜோடியாகவோ போகிறவர்களுக்குக் குழு நடை உண்மையிலேயே லாபம். நாலைந்து பேர் கொண்ட குடும்பமாகவோ நண்பர் கூட்டமாகவோ போகிறீர்களா? அந்தப் பங்குபோடல் உங்களுக்குள்ளேயே நடந்துவிடும். ஆயிரம் ரிங்கிட் கொடுத்து அதை வெளியே வாங்க வேண்டாம்.

கோப்பிக்கடையில் கைடின் அருமை தெரியும்

அடுத்தது கேட்டு வாங்குவது. கிம்பர்லி ஸ்ட்ரீட், கார்னர்வன் ஸ்ட்ரீட் பக்கம் உள்ள சீனக் கோப்பிக்கடைகளின் நடைமுறை நம் ஊர் ஹோட்டல் மாதிரி கிடையாது. கடை முதலாளி விற்பது தண்ணீர் வகைகள் மட்டும்: கோப்பி ஓ (பால் சேர்க்காத காப்பி), தே (டீ), பார்லி. சாப்பாட்டை அதே கூரையின்கீழ் வாடகைக்கு இடம்பிடித்த தனித்தனி ஒட்டுக்கடைக்காரர்கள் விற்கிறார்கள். மேசை எண்ணைச் சொல்லி ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக ஆர்டர் கொடுக்கவேண்டும்; தட்டு வந்ததும் அவரவருக்கு அங்கேயே காசு. உட்கார்ந்தவர்கள் குடிக்க ஏதாவது வாங்கியே ஆகவேண்டும் என்று பல கடைகளில் எழுதியே வைத்திருப்பார்கள். காலையில் ஹொக்கியன் மீ போட்ட இடத்தில் மாலையில் வேறொருவர் வேறொன்றைப் போடுவார். ஒவ்வொரு கடைக்கும் வார விடுமுறை வேறு. வரைபடத்தில் நட்சத்திரத்தைப் பார்த்துப் போய், பூட்டிய தள்ளுவண்டி முன்னால் நிற்கிறவர்களை அந்தத் தெருக்களில் தினமும் பார்க்கலாம்.

நல்ல கைடு இங்கேதான் தன் கூலியைச் சம்பாதிக்கிறார். எந்தக் கடை எத்தனை மணிக்குச் சூடாக இருக்கும், எந்த வரிசையில் நிற்பது வீண், எதை எதற்கு முன்னால் சாப்பிடுவது என்பது அவருக்கு அத்துப்படி. அசாம் லக்சாவையே எடுத்துக்கொள்ளுங்கள். கானாங்கெளுத்தி மீனை வேகவைத்து உதிர்த்துப் புளியோடு கொதிக்கவிட்ட குழம்பு, தடித்த அரிசி நூடுல்ஸ், மேலே அன்னாசி, வெங்காயம், புதினா, இஞ்சிப்பூ மொட்டு. அதோடு ஒரு கரண்டி ஹே கோ, அதாவது பாகு மாதிரி கெட்டியான கறுப்பு இறால் விழுது. ஹே கோவைக் கலக்காமல் குடித்தால் வெறும் புளிக்குழம்பு. கலக்கினால் தித்திப்பும் கவிச்சியும் சேர்ந்து ஆளை அசத்தும். பக்கத்தில் நின்று அதைச் சொல்ல ஆள் இல்லாவிட்டால் பாதிப் பேர் கரண்டியை ஓரமாக ஒதுக்கிவிடுகிறார்கள்.

சார் குவே தியாவும் அப்படித்தான். கனல் பறக்கும் வாணலியில் ஒரு தடவைக்கு ஒன்றிரண்டு தட்டுக்கு மேல் போடாத ஆளிடம் வாங்கவேண்டும். மொத்தமாகக் கிண்டிக் கொட்டுபவரிடம் அந்தப் புகைவாசம் வராது. எந்தக் கடைக்காரர் எப்படிப் போடுகிறார் என்று ஊர்க்காரருக்குத் தெரியும். நமக்குத் தெரிய நாலு தட்டு வீணாகும்.

லிட்டில் இந்தியாவுக்கு நாமே போதும்

பெரும்பாலான குழு நடைகள் கிளம்பிய கொஞ்ச நேரத்தில் பினாங்கு ஸ்ட்ரீட், மார்க்கெட் ஸ்ட்ரீட் பக்கம் உள்ள லிட்டில் இந்தியாவுக்குத் திரும்பிவிடும். ஐரோப்பாவிலிருந்து வந்தவருக்கு அது புதுசு. நமக்கு அங்கே தோசையும் வடையும் விளக்கத் தேவையில்லை. குயின் ஸ்ட்ரீட்டில் 1833-இல் எழும்பிய மகாமாரியம்மன் கோயில், சூலியா ஸ்ட்ரீட் முனையில் நாகூர் தர்கா, கொஞ்சம் தள்ளி 1801-இல் தொடங்கிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல். எல்லாம் சில நிமிட நடைக்குள் இருக்கின்றன. வழி தெரியாவிட்டால் தமிழில் கேட்டால் போதும்.

நாசி கண்டாரும் அப்படியே. துறைமுகத் தொழிலாளர்களுக்காகத் தோளில் காவடி மாதிரி சோறும் குழம்பும் தூக்கி விற்ற தமிழ் முஸ்லிம்களின் சாப்பாடு அது. கேம்பல் ஸ்ட்ரீட்டில் ஹமீதியா 1907-லிருந்து இருக்கிறது. பினாங்கு ரோட்டுச் சந்தில் லைன் கிளியர் இருக்கிறது. "அண்ணே, கொஞ்சம் கொழம்பு தூக்கலா ஊத்துங்க" என்று சொல்லிவிட்டால் ஆள் முகமே மலரும். பரிமாறுகிறவர் ஊரைக் கேட்பார், அப்புறம் கரண்டி தாராளமாகும். கைடோடு போனால் குழுவுக்கு என்று ஏற்கெனவே சொல்லிவைத்த தட்டு வரும். இந்த உரையாடல் நடக்காது.

இங்கே மட்டும் இரண்டு எச்சரிக்கை. சோற்றின்மேல் நாலைந்து குழம்பைக் கலந்து ஊற்றுவதுதான் அந்தக் கடைகளின் ருசி. அதில் மாட்டுக்கறிக் குழம்பும் சேரும். மாடு சாப்பிடாதவர்கள் கரண்டி எழும்புவதற்கு முன்பே சொல்லிவிடவேண்டும். இரண்டாவது, விலை. தட்டை ஒரு பார்வை பார்த்துத்தான் கணக்குச் சொல்வார்கள். மீன்முட்டை, பெரிய இறால், நண்டு எடுத்தால் தொகை எகிறும். கை நீட்டுவதற்கு முன் விலையைக் கேட்பதில் தப்பே இல்லை.

ஆகவே ஒரு நடையின் பாதி நேரம் லிட்டில் இந்தியாவிலும் நாசி கண்டார் கடையிலும் கழிகிறது என்றால், தமிழ் பேசுகிற பயணி அதற்குப் பணம் கட்ட வேண்டாம் என்பேன். சீனக் கோப்பிக்கடை, சௌராஸ்தா மார்க்கெட், நியோஞ்ஞா பலகாரம் ஆகியவற்றை மையமாக வைத்த காலை நடை கிடைத்தால் அதற்குத் தாராளமாகக் கட்டலாம். நான் போன நடைகளில் ஒன்றில், ஆர்மீனியன் ஸ்ட்ரீட்டில் 2012-இல் வரையப்பட்ட சைக்கிள் ஓவியத்தின்முன் படமெடுக்க வரிசையில் நின்றே வெகுநேரம் போனது. ஓவியம் அருமைதான், அதைப் பார்க்க மாலையில் நாமே போய்க்கொள்ளலாம். ஒரு நல்ல காலைப்பசியைப் படமெடுப்பதில் செலவழித்தது எனக்கு இன்றும் மனத்தாங்கல்.

தனிக் கைடும் அங்காடி மையமும்

தனிக் கைடு செலவு கூடுதல்; ஆனால் முதியவர்களோடு போகும் குடும்பத்துக்கு நான் சொல்வது அதுதான். ஜார்ஜ் டவுனின் பழைய கடைவீடுகளின் முன்னால் ஐந்தடி நடைபாதை உண்டு, நிழலும் உண்டு. ஆனால் பாதி இடத்தில் மோட்டார்சைக்கிளும் மேசையும் அடைத்திருக்கும், படி ஏறி இறங்கவேண்டும். குழு நடையில் ஒருவருக்காக எல்லோரும் நிற்க முடியாது. தனி ஆள் என்றால் பாட்டிக்கு ஓய்வு கொடுத்து, நடுவில் ஊருக்குள் சுற்றும் இலவச சிஏடி (CAT) பஸ்ஸில் ஏற்றி, வேண்டாத கடையைத் தாண்டிப் போகலாம். மலேசியாவில் சுற்றுலா வழிகாட்டிகளுக்கு அரசு உரிமம் உண்டு. அதற்கான அட்டையைக் காட்டச் சொல்லுங்கள்.

கர்னி டிரைவ், நியூ லேன் மாதிரி தெருக்கடைகள் கூடிய இடத்தில் மாலையில் ஒரே மேசையைப் பிடித்து உட்கார்ந்து, கடைகடையாக வாங்கிச் சாப்பிடுவது இன்னொரு வழி. குழந்தைகள் உள்ளவர்களுக்குச் சுகம், செலவும் கட்டுக்குள் இருக்கும். எல்லாம் ஓரிடத்தில் கிடைக்கும்; ஊரைப் பார்த்த திருப்திதான் இருக்காது. கர்னி டிரைவில் சுற்றுலாக் கூட்டம் அதிகம். இரண்டில் ஒன்று என்றால் நான் நியூ லேனுக்குப் போவேன்.

சைவம், ஹலால்

சைவம் சாப்பிடுகிறவர்களுக்குக் குழு நடை சரிப்படாது. பெலாச்சான் (புளிக்கவைத்த இறால் விழுது), ஹே கோ, இறால் தலையில் காய்ச்சிய சாறு என்று பினாங்குச் சமையலின் அடித்தளமே கடலில் இருக்கிறது. "காய்கறி மட்டும்" என்று வாங்கிய தட்டிலும் அது இருக்கும். மாற்றாக ஒன்றிரண்டு பதார்த்தம் தருகிறோம் என்று நடத்துபவர்கள் சொன்னாலும், முழுக்கட்டணம் கட்டி மற்றவர் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டு நடப்பது வேதனை. அதைவிட லிட்டில் இந்தியாவின் வாழையிலைச் சாப்பாடும் சீன பௌத்த சைவக் கடைகளும் போதும். சீன நாட்காட்டியின் ஒன்பதாம் மாதத்தில் ஒன்பது பேரரசர் திருவிழா வரும். அந்த நாட்களில் மஞ்சள் கொடி கட்டிய சைவக் கடைகள் ஊர் முழுக்க முளைக்கும். வழக்கமாக இறாலும் பன்றியும் போடும் பதார்த்தங்கள் அத்தனையும் சைவத்தில் கிடைக்கும். சைவம் சாப்பிடுகிறவர்கள் பயணத்தேதியை அதற்கேற்ப வைத்துக்கொள்வது நல்லது. இல்லாவிட்டால் தைப்பூசம். பினாங்கு ஸ்ட்ரீட்டிலிருந்து வெள்ளி ரதம் கிளம்பும் வழியெங்கும் தண்ணீர்ப்பந்தல். சீனர்களும் தேங்காய் உடைக்க நிற்பார்கள். அன்று தெருவே விருந்து வைக்கும்.

ஹலால் பார்ப்பவர்களுக்கு நிலைமை இன்னும் தெளிவு. சீனக் கடைகளின் சார் குவே தியாவில் பன்றிக் கொழுப்பும் சீனத் தொத்திறைச்சியும் வழக்கம். ஆகவே பொதுக் குழு நடையில் பாதி கடைகள் உங்களுக்கு இல்லை. டிரான்ஸ்ஃபர் ரோட்டில் காலை ரொட்டி சானாய் (நம் பரோட்டா மாதிரி), மாமாக் கடை (தமிழ் முஸ்லிம் கடை) மீ கோரேங் என்ற வறுத்த நூடுல்ஸ், பொரித்த பலகாரமும் காய்கறியும் கலந்த பசம்போர், மலாய்க்காரர் போடும் லக்சா என்று நாமே ஒரு பாதை போட்டுக்கொள்ளலாம்; ஹலால் மட்டும் என்று அறிவித்து நடத்துபவர் கிடைத்தால் அவரோடு போகலாம்.

பணம் கட்டுமுன் நடத்துபவரிடம் கேட்கவேண்டியவை சில: குழுவில் அதிகபட்சம் எத்தனை பேர், காலையா மாலையா, எத்தனை கடை, அதில் கோப்பிக்கடை எத்தனை, லிட்டில் இந்தியாவில் எவ்வளவு நேரம். பத்துப் பேரைத் தாண்டினால் வேண்டாம். கடைசி ஆளுக்குத் தட்டு வருவதற்குள் ஆறிவிடும். நடையைப் பயணத்தின் முதல் நாளில் வையுங்கள். கைடு காட்டிய கடைகளில் எது பிடித்ததோ அங்கே அடுத்த நாள் நீங்களே போய், முழுத் தட்டாக வாங்கிச் சாப்பிடலாம்.