ரிச்சி தெரு வைஃபை சர்வீஸ்: எதற்குப் போகலாம், எதற்கு வேண்டாம்

வைஃபை அடிக்கடி கட் ஆகும் போனை, சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி தெருவுக்குக் கொண்டுபோனால், கடைக்காரர் முதலில் கேட்க வேண்டியது ஒன்றுதான்: "வீட்ல மத்த போனும் கட் ஆகுதா சார்?" இதைக் கேட்காமலே ஸ்க்ரூடிரைவரை எடுக்கும் கடையில் போனைக் கொடுக்காதீர்கள்.

எல்லாப் போனும் ஒரே நேரத்தில் கட் ஆனால் போனைத் திறக்கவே வேண்டாம். அந்த நேரத்தில் ரவுட்டரின் விளக்குகள் மொத்தமாக அணைந்து மறுபடி எரிந்தால், முதலில் சந்தேகப்பட வேண்டியது அதன் அடாப்டரை. ரிச்சி தெருவை ஒட்டிய நரசிங்கபுரம் தெருவிலேயே மாற்று கிடைக்கும். பழையதைக் கையோடு கொண்டுபோங்கள்: வோல்ட் அதேதான் இருக்க வேண்டும், ஆம்பியர் குறையக் கூடாது, பின் பொருந்த வேண்டும்.

ஒரு போன் மட்டும் கட் ஆகிறதா? இன்னொரு போனில் ஹாட்ஸ்பாட் போட்டு, அதை அடுத்த அறையில் வைத்து, அரை மணி நேரம் வீடியோ ஓட்டுங்கள். பக்கத்திலேயே வைத்தால் ஆன்டெனா கோளாறு தெரியாது. அங்கே கட் ஆகாமல் ஓடினால், பெரும்பாலும் சிக்கல் ரவுட்டர் செட்டிங்கில். இதற்குக் கடைக்குக் காசு கொடுப்பது வீண். போனில் அந்த வைஃபையை 'ஃபர்கெட்' கொடுத்து நீக்கிவிட்டு, பாஸ்வேர்டு போட்டு மறுபடி இணையுங்கள். வேளச்சேரி, பெரம்பூர் போல அபார்ட்மென்ட் நெருங்கிய இடங்களில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் பக்கத்து வீட்டு சிக்னல்கள் மோதிக்கொள்ளும். ரவுட்டர் செட்டிங்கில் சேனல் 1, 6, 11 ஆகியவற்றில் நெரிசல் குறைந்ததைத் தேர்ந்தெடுத்து, சேனல் அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸில் வையுங்கள். 5 கிகாஹெர்ட்ஸில் 36 முதல் 48 வரை நல்லது. 52 முதல் 144 வரையுள்ள சேனல்களில் ரேடார் சிக்னல் மாதிரி எதையாவது உணர்ந்தால் ரவுட்டர் சேனலை மாற்றிவிடும், போன் துண்டிக்கப்படும். பழைய போன் என்றால் ரவுட்டரில் டபிள்யூபிஏ2, டபிள்யூபிஏ3 கலந்த வைஃபை பாதுகாப்பு முறையை டபிள்யூபிஏ2 என்று மட்டும் மாற்றிப் பாருங்கள். 'கனெக்ட் ஆகியிருக்கு, ஆனா நெட் இல்ல' என்றால் போன் செட்டிங்கில் பிரைவேட் டிஎன்எஸ்ஸை (இணையதள முகவரிகளைத் தேடித்தரும் வசதி) அணைத்துப் பாருங்கள். கடைசியாக நெட்வொர்க் செட்டிங் ரீசெட். சேமித்த வைஃபை பாஸ்வேர்டுகளும், பல போன்களில் புளூடூத் இணைப்புகளும் போகும், படங்கள் போகாது.

ஹாட்ஸ்பாட்டிலேயே கட் ஆனாலோ, இத்தனைக்கும் அடங்கவில்லை என்றாலோ ரிச்சி தெரு. அங்கே உண்மையிலேயே நன்றாகச் செய்யும் வேலை ஆன்டெனா. ரவுட்டர் பக்கத்தில் சிக்னல் முழுதாக இருந்து, ஓர் அறை தள்ளினாலே விழுந்தால் பெரும்பாலும் இதுதான் காரணம். டிஸ்ப்ளே அல்லது பின்பக்கக் கண்ணாடி மாற்றிய பிறகு தொடங்கியிருந்தால் சந்தேகமே வேண்டாம்: ஆன்டெனா வயர் சரியாக மாட்டப்படவில்லை, அல்லது போர்டைத் தொடும் சின்ன ஸ்பிரிங் பின் வளைந்திருக்கிறது. திருவான்மியூர், பெசன்ட் நகர் உப்புக் காற்றில் அந்தப் பின் பச்சை பூத்துப்போவதும் உண்டு. ஐபிஏ (ஐசோபுரோப்பைல் ஆல்கஹால்) போட்டுத் துடைத்து, பின்னை நிமிர்த்தி, வயரை மாட்டுவது கைதேர்ந்தவருக்குச் சின்ன வேலை. கண்ணெதிரே செய்யச் சொல்லுங்கள். மூடும்போது புது ஒட்டு போடச் சொல்லுங்கள். பழைய ஒட்டோடு மூடினால் தண்ணீர்த் தடுப்பு போய்விடும்.

"சாஃப்ட்வேர் போடணும்" என்பதற்கு உடனே தலையாட்டாதீர்கள். ஃபிளாஷ் செய்தால், அதாவது சாஃப்ட்வேரைப் புதிதாக ஏற்றினால், பொதுவாக போனில் உள்ளதெல்லாம் அழியும். நெட்வொர்க் ரீசெட்டுக்குக் கேட்காத கோளாறு அதற்குக் கேட்பது அபூர்வம்.

மூன்றாவது, ஐசி வேலை, அதாவது போர்டில் உள்ள சிப் வேலை. வைஃபை பட்டன் மங்கிப்போய் ஆன் ஆகவே மறுத்தால், செட்டிங்கில் வைஃபை முகவரி வர வேண்டிய இடம் காலியாக இருந்தால், கூடவே புளூடூத்தும் படுத்தால், கோளாறு சிப்பில். பல போன்களில் இரண்டுக்கும் ஒரே சிப். இங்கேதான் ஏமாற்றம் அதிகம். ஹாட் ஏர் காட்டிச் சூடாக்கினால் விட்டுப்போன சாலிடர் தற்காலிகமாக ஒட்டும், வைஃபை வரும், சில வாரத்தில் மறுபடி போகும். "சூடு மட்டும் காட்டுவீங்களா, இல்ல ஐசியை எடுத்து ரீபால் பண்ணுவீங்களா?" என்று நேராகக் கேளுங்கள். ரீபால் என்றால் சிப்பைக் கழற்றி, அடியில் புது சாலிடர் உருண்டைகள் வைத்து மறுபடி ஒட்டுவது. பதில் மழுப்பலாக வந்தால் கிளம்பிவிடுங்கள். கேட்கும் தொகை, அதே போன் இன்று செகண்ட் ஹேண்டில் போகும் விலையில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினாலும் அப்படியே.

போனைத் திரும்ப வாங்கும்போது கவுன்ட்டரிலேயே சோதித்துத் திருப்தி அடையாதீர்கள். கடை வைஃபையில் வீடியோவை ஓடவிட்டு, கூட ஓர் ஆளோடு படியிறங்கிப் பத்தடி நடந்து பாருங்கள். என்ன வேலை செய்தார்கள், எத்தனை நாள் வாரன்டி என்பதை பில்லில் எழுதி வாங்குங்கள். ஞாயிறன்று பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும்.