கடைசிப் பெயர் கட்டாயம்: வம்சாவளித் தளம் ஒன்றில் சந்தா கட்டி வரும் அனுபவம்

வம்சாவளி தேடித் தரும் கட்டணத் தளம் ஒன்று இந்த மாதம் சந்தாவைப் பாதியாகக் குறைத்திருக்கிறது. டர்பனில் இருக்கும் என் கணவரின் சித்தப்பா பெண் உடனே வாட்ஸ்அப்பில் கேட்டாள்: “அண்ணி, நீங்க ரொம்ப நாளா வெச்சிருக்கீங்களே, நானும் எடுக்கட்டுமா?” ஆம், இல்லை என்று ஒரு வார்த்தையில் முடிக்க முடியாததால் இங்கே எழுதுகிறேன். தளத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. விளம்பரம் எல்லோர் கண்ணிலும் பட்டிருக்கும்.

நான் காட்பாடிக்காரி. கணவர் டர்பனில் பிறந்தவர், குடும்பப் பெயர் கோவெண்டர். தென்னாப்பிரிக்கத் தமிழர்களின் பெயர்களைக் கேட்டவர்களுக்கு இது புதிதல்ல. கவுண்டர் கோவெண்டர் ஆனார், முதலி மூட்லி ஆனார், படையாச்சி அங்கே படியாச்சி என்றும் இருக்கிறார். டர்பன் இருக்கும் நேட்டால் பகுதியின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களின் கொள்ளுப் பேரன்கள் இவர்கள். 1860-லிருந்து 1911 வரை 1,52,184 பேர் போனார்கள். அவர்களில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறியவர்கள். மாமனார் வீடு டர்பனின் கேட்டோ மேனர் பகுதியில் இருந்தது. இன ஒதுக்கல் சட்டத்தில் அங்கிருந்து கிளப்பி, இந்தியர்களுக்கென்று ஒதுக்கிய சாட்ஸ்வொர்த்தில் கொண்டுபோய் விட்டபோது டிரங்குப் பெட்டியோடு பழைய காகிதங்களும் போய்விட்டன. அதனால்தான் இணையத்தில் தேட வேண்டி வந்தது.

தளத்தைத் திறந்ததும் முதலில் வருவது தேடல் பெட்டி. முதல் பெயர், கடைசிப் பெயர். கடைசிப் பெயரைக் காலியாக விட்டால் கட்டத்தைச் சுற்றிச் சிவப்புக் கோடு வரும். என் எரிச்சலெல்லாம் இந்தச் சிவப்புக் கோட்டின் மேல்தான், இன்றுவரை அது குறையவில்லை. கணவர் வீட்டின் மூதாதை, அன்று கப்பலேறிய முனுசாமிக்குக் கடைசிப் பெயர் ஏது? அவர் பெயர் முனுசாமி, அப்பா பெயர் பெருமாள். அவ்வளவுதான். கப்பல் பட்டியலிலும் அப்படியே இருக்கிறது: எண், பெயர், தகப்பன் பெயர், வயது, பால், சாதி, ஜில்லா, தானா (போலீஸ் சரகம்), கிராமம், அங்க அடையாளம். குடும்பப் பெயருக்கென்று அதில் கட்டமே கிடையாது. அது பிறகு பிறப்புப் பதிவிலும் பள்ளிக்கூட ரிஜிஸ்டரிலும் ஒட்டிக்கொண்டது. யாருக்கு எது ஒட்டியது என்பது அவரவர் தலையெழுத்து. எங்கள் வீட்டிலேயே முனுசாமியின் பிள்ளைகளில் மூத்தவர் சாதிப் பட்டத்தைப் போட்டுக் கோவெண்டர் ஆனார். இளையவர் அப்பா பெயரைப் போட்டு முன்சாமி ஆனார். டர்பனுக்கு வடக்கே டொங்காட்டில் இருக்கும் அந்த முன்சாமி குடும்பத்தோடு நாலு தலைமுறையாகப் பேச்சு வார்த்தையே இல்லாமல் இருந்தது. சண்டை ஒன்றும் கிடையாது. பங்காளிகள் என்று இரண்டு பக்கமும் தெரியாமல் இருந்தது, அதனால்தான்.

பெட்டி பெண்களுக்குச் செய்வது இன்னும் கொடுமை. ‘மங்கம்மாள்’ என்று வரும் பெயரை யாரோ தட்டச்சு செய்தவர் இரண்டாக உடைத்து, முதல் பெயர் மங்கா, கடைசிப் பெயர் அம்மாள் என்று ஏற்றியிருக்கிறார். முனியம்மாள், எல்லம்மாள், லட்சுமியம்மாள் எல்லோருக்கும் இதே கதி. தளத்தின் கணக்குப்படி நேட்டாலில் ‘அம்மாள்’ என்று மாபெரும் குடும்பம் ஒன்று இருந்திருக்கிறது. ஒருநாள் அந்தக் குடும்பத்தின் இலச்சினையைச் சட்டம் போட்டு வாங்கிக்கொள்ளும்படி மின்னஞ்சல் வந்தது. சிங்கமும் கேடயமும் போட்டது. கணவர் வாங்கி மாட்டலாம் என்றார். நான் சம்மதிக்கவில்லை.

இப்போது நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். முனுசாமி என்ற பெயரை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதலாமோ அத்தனை விதத்திலும் நேட்டால் குமாஸ்தாக்கள் எழுதி வைத்திருக்கிறார்கள்: முனிசாமி, முன்சாமி, மூன்சாமி, மூனிசாவ்மி. தளத்தில் ‘ஒலிப்பு ஒத்தவை’ என்ற பொத்தானை அழுத்தினேன், எல்லோரும் ஒரே பக்கத்தில் வந்து நின்றார்கள். மாமனாரின் பெரிய அத்தையின் திருமணப் பதிவு அப்படித்தான் கிடைத்தது. எழுத்துக்கூட்டல் அடையாளமே தெரியாத மாதிரி இருந்தது. நானாகத் தேடியிருந்தால் அந்தப் பக்கம் போயிருக்கவே மாட்டேன். அன்று ராத்திரி மாமனார் அந்தப் பதிவின் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த ஒரு ராத்திரிக்காக மட்டும் ஒரு வருடச் சந்தாவைக் கொடுக்கலாம்.

இந்த வித்தையின் பெயர் சவுண்டெக்ஸ். அமெரிக்காவில் ராபர்ட் ரஸ்ஸல் என்பவர் 1918-ல் காப்புரிமை வாங்கியது. பெயரின் முதல் எழுத்தை அப்படியே வைத்துக்கொண்டு, உயிரெழுத்துகளைத் தள்ளிவிட்டு, மிச்ச மெய்களை மூன்று எண்களாக்கும். முனுசாமியின் வகையறா அத்தனைக்கும் எம்525. வீரசாமியை எப்படி எழுதினாலும் வி625. நாயுடு, நைடூ இரண்டுக்கும் என்300. பிள்ளை இந்தியாவில் ‘ஐ’ போட்டு முடிந்தாலும் நேட்டாலில் ‘ஒய்’ போட்டு முடிந்தாலும் பி400. யாரோ அமெரிக்கர் வெள்ளைக்காரப் பெயர்களுக்காகச் செய்த கணக்கு நம் பெயர்களுக்கு இவ்வளவு பொருந்தும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

ஆனால் கோவெண்டருக்கு ஜி153. கவுண்டருக்கு ஜி536. ‘யு’ உயிரெழுத்து, அதற்கு எண் கிடையாது. ‘வி’ மெய்யெழுத்து, அதற்கு 1. அந்த ஒற்றை ‘வி’ நடுவில் வந்து உட்கார்ந்ததால், நூறு வருடம் ஒரே வீட்டில் இருந்த இரண்டு பெயர்களும் இந்தக் கணக்கில் அந்நியர்கள். முதல் எழுத்தில் வரும் குழப்பத்துக்கும் இதில் வழியில்லை. கந்தசாமியை ‘கே’ போட்டு எழுதினால் ஒரு கூட்டம், ‘சி’ போட்டு எழுதினால் வேறு கூட்டம். சின்னசாமிக்கும் ‘சி’, ‘எஸ்’ என்று இதே தொல்லை. க, ச இரண்டையும் ஆங்கிலத்தில் எப்படியும் எழுதலாம் என்பது நம் ஊர் எல்.கே.ஜி. பிள்ளைக்குக்கூடத் தெரியும். கிழக்கு ஐரோப்பிய யூதர்களுக்கு இதே தொல்லை இருந்ததால் முதல் எழுத்தையும் எண்ணாக்கும் டைச்-மொகொடாஃப் முறையை 1985-ல் உருவாக்கிக்கொண்டார்கள். நமக்கென்று அப்படி ஒன்று இந்தத் தளத்தில் இல்லை. வாடிக்கையாளர் சேவைக்கு விளக்கமாக எழுதினேன். ‘பெயரின் எழுத்துப் பிழையைச் சரிபார்த்து மீண்டும் தேடவும்’ என்று பதில் வந்தது. எது பிழை, எது சரி என்று அவர்களே சொல்லியிருக்கலாம்.

எங்களுக்கு வழி திறந்தது பெயரால் அல்ல, எண்ணால். ஒப்பந்தத்தில் வந்த ஒவ்வொருவருக்கும் வந்த வரிசைப்படி ஒரு காலனி எண் கொடுத்தார்கள். தோட்டத்தில், ஆஸ்பத்திரியில், கோர்ட்டில், கல்யாணப் பதிவில் எல்லாம் அந்த எண்தான் ஆள். மனுஷனை எண்ணாக்கிய அக்கிரமம்தான், மறுக்கவில்லை. ஆனால் பெயரை ஆளுக்கொரு விதமாகக் குதறியவர்கள் எண்ணை மட்டும் ஒழுங்காக எழுதியிருக்கிறார்கள். அத்தையின் திருமணப் பதிவில் அவருடைய அப்பாவின் எண் ஓரத்தில் இருந்தது. டொங்காட் முன்சாமி வீட்டில் ஒரு பழைய பிறப்புச் சான்றிதழைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னோம். அதே எண். பங்காளிகள் என்று தெரிந்தது அப்போதுதான்.

இதில் கடுப்பு என்னவென்றால், கட்டணத் தளத்தின் பெட்டியில் எண்ணைப் போட்டுத் தேட முடியாது. அந்த எண்ணை வைத்துக் கப்பலைத் தேட நான் போனது குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் காந்தி-லுத்துலி ஆவண மையம் சேர்த்து வைத்திருக்கும் கப்பல் பட்டியல்களுக்கு. அதற்குச் சந்தா கிடையாது. பட்டியலில் முனுசாமியின் வரி இப்படி இருந்தது: தகப்பன் பெருமாள், வயது 22, ஆண், சாதி கவுண்டன், ஜில்லா வட ஆற்காடு, தானா வாலாஜா, கிராமம் பூதூர், இடது முழங்காலுக்குக் கீழே தழும்பு. அவரைப் பற்றி உலகத்தில் எழுதப்பட்ட மிக நீளமான வாக்கியம் அதுதான். பூதூர் என்பது புதூர் என்று எனக்குப் படித்த மாத்திரத்தில் புரிந்தது. ஆனால் எந்தப் புதூர்? வாலாஜா வட்டாரத்தில் திரும்பின பக்கமெல்லாம் ஒரு புதூர். அது இன்னும் தீராத வழக்கு.

வட ஆற்காடு என்று வந்ததில் இன்னொரு கலாட்டா. கவுண்டர் என்றால் கொங்கு நாடுதான் என்று நம்பி என் பெரிய நாத்தனார் போன தடவை இந்தியா வந்தபோது பொள்ளாச்சியில் இறங்கி மண்ணெடுத்துப் பையில் போட்டுக்கொண்டு போனார். வட மாவட்டங்களில் வன்னியர்களுக்கும் கவுண்டர், படையாச்சி, நாயக்கர் என்று பட்டங்கள் உண்டு என்பது அங்கே பலருக்குத் தெரியாது. கட்டணத் தளம் விற்கும் ‘உங்கள் குடும்பப் பெயரின் வரலாறு’ அறிக்கையிலும் கொங்கு என்றுதான் ஒரே வரியில் போட்டிருந்தது. வடக்கே சித்தூரும் 1911 வரை வட ஆற்காடு ஜில்லாவில்தான் இருந்தது. ஆகவே ஜில்லா பெயரை மட்டும் பார்த்துவிட்டு வேலூருக்கு டிக்கெட் போடுவதும் ஆபத்துதான்.

குடும்பக் கதைகளைச் சோதிக்கவும் அந்த இலவசப் பட்டியல்தான் உதவியது. டர்பனில் யாரைக் கேட்டாலும் தாத்தா ‘ட்ரூரோ’ கப்பலில் வந்தார் என்பார்கள். 1860 நவம்பர் 16 அன்று டர்பனில் கரை சேர்ந்த முதல் கப்பல் அது. அதில் வந்தவர்கள் 342 பேர். இன்று அதைச் சொல்லும் குடும்பங்களைக் கூட்டினால் கப்பல் மூழ்கிவிடும். எங்கள் வீட்டில் 1870 என்று ஆண்டு வேறு சொல்வார்கள். 1866-ல் நிறுத்திய ஆள் அனுப்புதலை மறுபடி தொடங்கியது 1874-ல்தான், நடுவில் கப்பலே வரவில்லை. மாமனாரிடம் இதை நான் சொல்லவில்லை, கணவர் சொன்னார். மாமனார், “அப்ப கப்பல்காரன் பொய் சொல்லியிருக்கான்” என்றார்.

இறந்தவர்களின் சொத்துக் கோப்புகளையும் சொல்ல வேண்டும். பீட்டர்மரிட்ஸ்பர்க்கில் தாக்கலானவற்றை மார்மன் சபையார் நடத்தும் ஃபேமிலிசர்ச் தளத்தில் காசு கொடுக்காமல் பார்க்கலாம், கணக்கு மட்டும் தொடங்க வேண்டும். அதில் இருக்கும் மரண அறிவிப்புத் தாளில் பெற்றோர் பெயர், பிள்ளைகள் பெயர் எல்லாம் வரும். ஒரே தாளில் பிள்ளைகள் மூன்று பேருக்கு மூன்று குடும்பப் பெயர் இருப்பதைப் பார்த்தால் பதற வேண்டாம். சகஜம்.

இந்த வாரம் கோபம் அதிகமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. தளம் தானாகவே ‘பெயர் ஒருமைப்படுத்தல்’ என்று ஒரு வசதியைக் கொண்டுவந்து, நான் வரைந்து வைத்திருந்த வம்ச மரத்தில் பெருமாளையும் முனுசாமியையும் கோவெண்டர் ஆக்கிவிட்டது. கப்பலே ஏறாத பெருமாள், வாலாஜா பக்கத்துப் புதூரில் செத்துப்போன மனுஷர், இப்போது பெருமாள் கோவெண்டர். பழையபடி மாற்றப் போனால் கடைசிப் பெயர் கட்டாயம் என்று அதே சிவப்புக் கோடு. கடைசியில் ஒரு புள்ளியை வைத்துச் சேமித்தேன். புள்ளியை ஏற்றுக்கொண்டது.

ஆக, சித்தப்பா பெண்ணுக்கு என் பதில்: எடுக்காதே. பாதி விலைக்கும் வேண்டாம். உன் அம்மா பக்கம் மூட்லி. மூட்லியும் முதலியும் ஒரே சவுண்டெக்ஸ் எண்ணில் வந்துவிடும், தேடல் உனக்கு நன்றாகவே வேலை செய்யும், அத்தை கிடைத்த மாதிரி யாராவது கிடைக்கவும் கிடைப்பார்கள். இருந்தாலும் எடுக்காதே. முதலில் பாட்டியின் கல்யாணச் சான்றிதழைத் தேடு, ஓரத்தில் காலனி எண் இருக்கிறதா பார்த்து எனக்கு அனுப்பு. தளத்தில் எதையாவது பார்க்க வேண்டியிருந்தால் நான் பார்த்துச் சொல்கிறேன், என் சந்தா மார்ச்சில் தானாகப் புதுப்பித்துக்கொள்ளும்.