வெளியே கசிந்த ஆயிலுக்கு 'போர்' வேலை என்று 6,800 ரூபாய் வாங்கிவிட்டார்கள்

பழைய ஸ்ப்ளெண்டர் பைக் வைத்திருப்பவர்கள், வீட்டில் வயசானவங்க கையில் வண்டியைக் கொடுத்து சர்வீஸுக்கு அனுப்புகிறவர்கள், தயவுசெய்து இதை முழுசாகப் படியுங்கள். நடந்தது கோவையில். கடை பெயரைப் போடவில்லை.

வண்டி அப்பாவுடையது, 2009 மாடல். மில்லில் வேலை பார்த்து ரிடையர் ஆனவர். பால் வாங்குவதிலிருந்து கோயிலுக்குப் போவது வரை எல்லாமே அந்த வண்டியில்தான். ஆடி மாசம் வாக்கில் வண்டி நிற்கும் இடத்தில் ஆயில் சொட்ட ஆரம்பித்தது. சிக்னலில் நின்றால் கருகிய வாடை, இன்ஜினுக்கு முன்னால் லேசாகப் புகை. வழக்கமாகப் பார்க்கும் மெக்கானிக் ஊருக்குப் போயிருந்ததால், மெயின் ரோட்டில் வேறொரு கடையில் விட்டார் அப்பா.

"புகையுதுங்கய்யா. பிஸ்டன், ரிங்கு எல்லாம் போச்சு. போர் பண்ணாம ஆகாதுங்க. இப்படியே ஓட்டுனா நடுரோட்டுல ஜாம் ஆயிருமுங்க" என்றிருக்கிறார் கடைக்காரர். போர் என்றால் இன்ஜின் சிலிண்டரைக் குடைந்து பெரிதாக்கிப் புது பிஸ்டன் போடுவது. அப்பா பயந்துபோய் எனக்கு ஃபோன் செய்தார். வேலை மும்முரத்தில் நானும் "சரிங்கப்பா, பண்ணிருங்க" என்று சொல்லிவிட்டேன். இப்போது நினைத்தாலும் வயிறு எரிகிறது. ரெண்டு நாள் கழித்து வண்டி வந்தது. 6,800 ரூபாய், ஜிபேயில் நான்தான் அனுப்பினேன். பில் கிடையாது, ஒரு துண்டுச் சீட்டு மட்டும்.

மூன்று வாரம் சொட்டு இல்லை. பிறகு அதே இடத்தில், அதே அளவு. போய்க் கேட்டால், "நாங்க பார்த்தது வேறங்க, இது புது லீக்குங்க" என்றார். கழட்டின பிஸ்டன் எங்கே என்றேன். பழைய இரும்புக்குப் போட்டாச்சாம்.

ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா வீட்டுக்கு வந்தார். கணபதியில் லேத் வைத்திருக்கிறார். போர் வேலைக்குச் சிலிண்டர் பிளாக் (பிஸ்டன் ஓடும் பாகம்) அவரிடமே நிறைய வரும். வண்டியைச் சென்டர் ஸ்டாண்ட் போட்டுக் குனிந்தவர், ஆயில் வழிவதைப் பார்க்கவே இல்லை. சிலிண்டரை மூடியிருக்கும் ஹெட்டோடு சைலன்சர் பைப் சேரும் இடத்தில் இருக்கும் ரெண்டு நட்டை டார்ச் அடித்துக் காட்டினார். நட்டும் போல்ட்டும் ஒன்றாகத் துருப்பிடித்து, இடுக்கில் போன மழைக்காலத்துச் சேறு கல்லாகக் காய்ந்திருந்தது. ஸ்பேனர் பட்ட தடம் கூட இல்லை.

"கண்ணு, சைலன்சரை இறக்காம ஹெட்டு வராது. ஹெட்டு வராம பிளாக் வராது. பிளாக்கே வரலைன்னா எதைப் போர் பண்ணான்?"

அப்புறம் அப்பாவிடம் கேட்டார்: "வண்டியக் கொடுக்கும்போது கொஞ்ச நாளைக்கு மெதுவா ஓட்டச் சொன்னானாண்ணா?" சொல்லவே இல்லை. போர் செய்து புது பிஸ்டன் போட்ட வண்டியை முதல் சில நூறு கிலோமீட்டருக்கு முறுக்கக் கூடாது என்பது எந்த மெக்கானிக்கும் சொல்லி அனுப்பும் விஷயம். போரின்போது 0.25 அல்லது 0.50 மில்லிமீட்டர் பெரிய பிஸ்டன் போடுவார்கள். அந்த அளவு பிஸ்டன் தலையிலேயே அடித்திருக்கும்.

எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டியது இந்தப் புகை விஷயம்தான். பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங் போன வண்டியில் ஆயில் உள்ளே எரியும். நீலம் கலந்த வெள்ளைப் புகை சைலன்சரின் பின்வாயில் வரும். வெளியே ஒரு சொட்டு விழாமலே ஆயில் குறையும். எங்கள் வண்டியில் பின்னால் புகையே இல்லை. சூடான பைப்பின் மேல் ஆயில் சொட்டித்தான் முன்னால் புகைந்தது. எங்கள் வண்டியில் வெளியே ஒழுகிய ஆயிலுக்கும் போருக்கும் சம்பந்தமே இல்லை.

அன்றைக்கே வீட்டில் பிரித்தோம். இன்ஜின் நன்றாக ஆறியதும், பழைய டூத் பிரஷ்ஷில் டீசல் தொட்டுத் தேய்த்து, துணியால் ஈரம் போகத் துடைத்து, ஹெட்டைச் சுற்றி முகத்துக்குப் போடும் பவுடரைத் தூவினோம். காற்றில் ஆயில் பின்னால் ஓடிப் பரவிவிடுவதால், கீழே சொட்டும் இடத்தைப் பார்த்து எதையும் முடிவு செய்யக் கூடாது. பத்து நிமிஷம் வண்டி ஓடியதும், கீழ்ப்பக்க டாப்பெட் மூடியின் (வால்வை அட்ஜஸ்ட் பண்ண ஹெட்டில் இருக்கும் திருகு மூடி) ஓரத்திலிருந்து பவுடரில் ஒரு கோடு நனைந்து இறங்கியது. அவ்வளவுதான் லீக்.

மறுபடி ஆறவிட்டு, 17-ம் நம்பர் ரிங் ஸ்பேனரால் மூடியைக் கழட்டினேன். சுற்றிலும் சாம்பல் நிறப் பேஸ்ட் அப்பியிருந்தது. அதற்கடியில் பழைய ஓ ரிங் என்ற ரப்பர் வளையம், பிளாஸ்டிக் வளையல் மாதிரி இறுகிச் சப்பையாகிக் கிடந்தது, வளைத்ததும் ஒடிந்தது. அந்தப் பேஸ்ட்டைப் பார்த்ததும்தான் எனக்கு உடம்பு பதறியது. லீக் எங்கே என்று அந்தக் கடைக்காரருக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தே பேஸ்ட்டைத் தடவி அடைத்துவிட்டு, போர் என்று சொல்லிப் பணம் வாங்கியிருக்கிறார். உள்ளே பிதுங்கிய பேஸ்ட் நூல் மாதிரி தொங்கியது. அது அறுந்து விழுந்தால் ஆயிலை வடிகட்டும் வலையை அடைத்து, இன்ஜின் நிஜமாகவே போயிருக்கும்.

புது ஓ ரிங் 15 ரூபாய். பள்ளத்தைத் துணியால் சுத்தம் செய்து, ரிங்கில் ஆயில் தொட்டு உட்கார வைத்து, மூடியைக் கையாலேயே திருகி, கடைசியில் மட்டும் ஸ்பேனர் போட்டேன். ஹெட் அலுமினியம் என்பதால் பலத்தைக் காட்டினால் மரை போய்விடும். உள்ளே பேஸ்ட் துணுக்கு விழுந்திருக்குமோ என்ற சந்தேகத்தில் ஆயிலையும் மாற்றினோம். இந்த வண்டிக்கு 900 மில்லிதான். ஒரு லிட்டர் டப்பாவை முழுசாகக் கவிழ்க்காதீர்கள், அதிகமானாலும் கசியும்.

போர் என்று யார் சொன்னாலும், கழட்டும்போது நான் பக்கத்தில் இருக்கிறேன், பழைய பிஸ்டன் எனக்கு வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். வண்டி விடும் முன் சைலன்சர் நட்டை ஒரு ஃபோட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே காசு கொடுத்துவிட்டவர்கள் இப்போதே போய் அந்த நட்டைப் பாருங்கள்.

ஜிபே ரசீது, துண்டுச் சீட்டு, துரு நட்டு ஃபோட்டோ மூன்றையும் வைத்து தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிந்திருக்கிறேன். அதில் தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். ஐந்து லட்சம் வரையிலான வழக்குக்கு அங்கே கட்டணம் இல்லை. அப்பா "விடு கண்ணு, போனது போகட்டும்" என்கிறார். நான் விடுவதாக இல்லை.