சிறு கட்சிகளின் கணக்கு இணையத்தில்: தாக்கல் செய்ய எளிது, படிக்கப் பெரும்பாடு

பதிவு மட்டும் பெற்று அங்கீகாரம் பெறாத கட்சிகளும் கணக்குக் காட்டியாக வேண்டும். நன்கொடை அறிக்கை, தணிக்கை செய்த ஆண்டுக் கணக்கு, தேர்தல் செலவு அறிக்கை மூன்றையும் தாக்கல் செய்ய 2023 ஜூலையில் தேர்தல் ஆணையம் ஓர் இணையதளம் தொடங்கியது.

பொருளாளருக்கு இது வசதிதான். பதிவு செய்த செல்பேசிக்கும் மின்னஞ்சலுக்கும் நினைவூட்டல் வருகிறது. கட்சி உடைந்து பழைய நிர்வாகியின் எண்ணே பதிவில் கிடந்தால் தகவல் அவருக்குத்தான் போகும். முதலில் அதை மாற்றுங்கள். இணையத்தில் முடியாதென்றால் காரணம் எழுதிக் கொடுத்துத் தாளில் தரலாம். அந்தக் கடிதமும் வெளியிடப்படும் என்பது நல்ல ஏற்பாடு.

சிக்கல் பெரும்பாலும் நன்கொடை அறிக்கைக்கான 24ஏ படிவத்தில். ஒருவர் ஓராண்டில் 20,000 ரூபாய்க்கு மேல் தந்தால் பெயர், முழு முகவரி, பான் எண், தொகை, காசோலை எண், வங்கி எல்லாம் வேண்டும். பான் கட்டம் காலியாக இருப்பதும், முகவரியில் வெறுமனே 'மதுரை' என்று இருப்பதும்தான் வழக்கமான ஓட்டைகள். ரசீது கொடுக்கும்போதே கேட்டு வாங்காவிட்டால் அக்டோபரில் ஆளைத் தேடி அலைய வேண்டும். வருமான வரிக் கணக்குத் தாக்கலுக்கான கெடுவுக்குள் 24ஏ போகாவிட்டால் கட்சியின் வரிவிலக்கும் போய்விடும். ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் வாங்கினாலும் அதே கதி.

தேர்தல் செலவு அறிக்கைக்குக் கெடு, தேர்தல் முடிந்ததிலிருந்து சட்டமன்றம் என்றால் 75 நாள், மக்களவை என்றால் 90 நாள். மதுரையில் தலைமையகம் உள்ள கட்சியும் சென்னையில் உள்ள தலைமைத் தேர்தல் அதிகாரிக்குத்தான் தர வேண்டும். முடிவு வந்த 30 நாளுக்குள் மாவட்டத் தேர்தல் அதிகாரியிடம் (பெரும்பாலும் கலெக்டர்) கொடுப்பது வேட்பாளரின் தனிக் கணக்கு. இரண்டையும் ஒன்றென நினைத்துக் குழப்பிக்கொள்பவர்கள் உண்டு.

படிக்க வரும் வாக்காளருக்கோ இது கண்ணைக் கெடுக்கும் வேலை. அங்கீகாரம் பெறாத கட்சிகளின் தாள்கள் மாநில அதிகாரியின் தளத்தில் பெரும்பாலும் ஸ்கேன் செய்த படங்களாகவே கிடக்கின்றன. பெயர் போட்டுத் தேட முடியாது, கூட்டிப் பார்க்கக் கால்குலேட்டர்தான் கதி. தாக்கல் ஆனதா என்று தெரிந்துகொள்ளலாம். உண்மையா என்பதை நீங்களேதான் தோண்ட வேண்டும்.

தோண்டும் வழி இது. 24ஏ மொத்தத்தை ஆண்டுக் கணக்கின் நன்கொடை வரவிலிருந்து கழியுங்கள். மிச்சம் பெயர் சொல்லத் தேவையில்லாத சிறு நன்கொடை. வரவில் பெரும்பகுதி அதுவே என்றால் சந்தேகம் நியாயம். அடுத்து செலவுப் பக்கம். 'மக்கள் நலப் பணி' என்று ஒற்றை வரியில் பெருந்தொகை, தேர்தல் செலவு சுழியம் என்றால் உஷாராகுங்கள். காசோலையில் நன்கொடை வாங்கி, கமிஷன் பிடித்துக்கொண்டு ரொக்கமாகத் திருப்பித் தந்து, கொடுத்தவருக்குக் கட்சி நன்கொடைக்கான வருமான வரிச்சலுகை (80ஜிஜிசி பிரிவு) பெற்றுத்தரும் வியாபாரம் நடப்பது இந்த இடத்தில்தான். 2022 செப்டம்பரில் பல மாநிலங்களில் வருமான வரித்துறை சோதனை போட்டதும் இதற்காகவே.

2025 ஆகஸ்டில் 334, செப்டம்பரில் 474 கட்சிகளை ஆணையம் பட்டியலிலிருந்து நீக்கியது, ஆறாண்டுகளாகத் தேர்தலில் நிற்காததற்காக. தேர்தலில் நின்றும் மூன்றாண்டுத் தணிக்கைக் கணக்கு தராத 359 கட்சிகள் மீது அதன்பிறகுதான் நடவடிக்கை தொடங்கியது. ரொம்பத் தாமதம்.

மதிப்பெண்: தாக்கலுக்கு ஐந்தில் நான்கு, படிப்பதற்கு ஒன்றரை. வேட்பாளர் கணக்கைப் பார்க்க இணையமே வேண்டாம்: மாவட்டத் தேர்தல் அதிகாரியிடம் ஒரு ரூபாய் கட்டணம் செலுத்தி யாரும் பார்வையிடலாம், சான்றிட்ட நகலுக்குத் தனிக் கட்டணம்.