செக்கெண்ணெயா, ரீஃபைண்டா?

சேலம் செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் செக்கு ஓடினால் வாசனையே காட்டிக்கொடுத்துவிடும். வாகை மர உரலில் உலக்கை நிதானமாகச் சுற்றுகிறது. எள்ளோடு கொஞ்சம் கருப்பட்டியும் தண்ணீர்த் தெளிப்பும் சேர்ந்தால்தான் பிண்ணாக்கு இறுகி எண்ணெய் பிரியும். இரண்டு மூன்று நாள் வெயிலில் வைத்துத் தெளிய விட்டால் வேலை முடிந்தது.

ஆலையில் கதை வேறு. கடலையை எக்ஸ்பெல்லரில் பிழிந்துவிட்டு, மிச்சப் பிண்ணாக்கை எண்ணெயைக் கரைத்தெடுக்கும் ஹெக்சேன் என்ற திரவத்தில் நனைக்கிறார்கள். சூடாக்கினால் ஹெக்சேன் 69 டிகிரியிலேயே ஆவியாகிவிடும், எண்ணெய் தனியே நிற்கும். செக்குப் பிண்ணாக்கில் 8, 10 சதவீத எண்ணெய் தங்கும் (மாட்டுக்குக் கொண்டாட்டம்). ஆலைப் பிண்ணாக்கில் சுமார் 1 சதவீதம்தான். ரீஃபைண்ட் விலை குறைவதற்கு இது முக்கியமான காரணம். அப்புறம் எண்ணெயில் காரக் கரைசல் சேர்த்து அமிலத்தை நீக்கி, களிமண்ணால் நிறத்தை எடுத்து, 200 டிகிரிக்கு மேல் நீராவி விட்டு வாசனையையும் துரத்திவிடுகிறார்கள்.

பூரி சுட ரீஃபைண்ட் சரிதான். ஒருமுறை செக்குக் கடலை எண்ணெயில் சுட்டு, நுரை பொங்கி மேடையெல்லாம் வழிந்தது. ஆனால் இட்லிப் பொடிக்கும் புளிக்குழம்புக்கும் செக்கு நல்லெண்ணெய்தான். அதில் எங்கள் வீட்டில் பேரமே கிடையாது.