பிங்க் டவர்: அளவு துல்லியமாக இருந்தால் மட்டும் வாங்குங்கள்

குழந்தை தானே செய்து பார்த்துக் கற்கும் மாண்டிசோரி வகுப்பில், மூன்று வயதையொட்டிய குழந்தைகளுக்குப் பெரியதிலிருந்து சிறியது வரை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கத் தரும் பத்து மரக் கனசதுரங்கள்தான் பிங்க் டவர். சிறியது 1 செ.மீ., பெரியது 10 செ.மீ.; ஒவ்வொன்றும் 1 செ.மீ. கூடிக்கொண்டே போகும். நிறமும் வழவழப்பும் ஒன்றே. குழந்தையின் கவனம் அளவில் மட்டும் நிற்கத்தான் இந்த ஏற்பாடு. எண் ஒட்டி, கட்டைக்கொரு வண்ணம் பூசி வரும் செட் பார்க்க அழகு, வேலைக்கு ஆகாது.

செட் கைக்கு வந்ததும், ஒரு மூலை நேர்கோட்டில் வரும்படி எல்லாவற்றையும் அடுக்குங்கள். மற்ற இரண்டு பக்கமும் படிக்கட்டு போல விளிம்பு தெரியும். 1 செ.மீ. கட்டையை எடுத்து ஒவ்வொரு படியிலும் வைத்துப் பாருங்கள்: வெளியே துருத்தவும் கூடாது, விளிம்பு மிச்சப்படவும் கூடாது. மலிவான செட்டுகள் இங்கேதான் தோற்கின்றன. பெயின்ட் தடிப்பு, மரம் சரியாகக் காயாதது இரண்டுமே அளவைக் கெடுக்கும். அளவு பிசகினால் குழந்தை தன் தவறைத் தானே கண்டுபிடிக்க வழியில்லை.

எடையையும் பாருங்கள். பெரிய கட்டையின் கன அளவு சிறியதைப் போல 1000 மடங்கு. உள்ளே கூடாக இருந்தால் அந்த வித்தியாசம் கைக்குச் சரியாகத் தெரியாது. 7 செ.மீ.யோடு முடியும் சின்ன செட் இடத்தை மிச்சப்படுத்தும். ஆனால், விரல்களை முழுக்க விரித்துப் பிடிக்கும் பயிற்சி குறைந்துவிடும்.

கட்டைகளை ஒவ்வொன்றாகப் பாய்க்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். வாரி எடுத்தால் முனை உடைந்து பெயின்ட் பெயரும். எதையும் வாயில் போடும் குழந்தை என்றால், பக்கத்தில் ஆள் இல்லாமல் அந்த 1 செ.மீ. கட்டையைக் கொடுக்கவே வேண்டாம், தொண்டையில் சிக்கிவிடும்.